எனக்கு மட்டும் தெரியும் விளக்கு

கடையநல்லூரில் நான் ஓதிக் கொடுக்கும் மத்ரஸாவின் வாசல் குறுகலானது. பிள்ளைகள் செருப்பு விடும் இடமும் நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தும் இடமும் ஒன்றேதான். மஃக்ரிபுக்குப் பின் நடக்கும் வகுப்பை முடித்துவிட்டு, ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் என் ஊர்ப் பள்ளியில் இஷா தொழவைக்க ஓட வேண்டும். ஆகையால் கடைசிப் பிள்ளை வெளியேறும் முன்பே வண்டியைக் கிளப்பிவிடுவது என் வழக்கமாகிவிட்டிருந்தது.

சென்ற ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த ஒரு புதன்கிழமை. வாசல் நனைந்திருந்தது. கிளட்சைப் பிடித்தபடி வண்டியைக் கிளப்பி, கால் விரலால் கியரைத் தட்டினேன். நியூட்ரல் விழுந்துவிட்டது என்று கால் சொன்னது. தோளில் நழுவிய துண்டைச் சரிசெய்யக் கிளட்சை விட்டேன். வண்டி இரண்டு முழம் துள்ளிப் பாய்ந்து, செருப்பு அடுக்கும் மரப்பலகையில் மோதி அணைந்தது. பலகையின் கீழ்த்தட்டு இரண்டாகப் பிளந்தது.

அதற்கு ஒரு நிமிடத்துக்கு முன் அந்தக் கீழ்த்தட்டின் முன்னால் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் குத்தவைத்து உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். தொப்பியை உள்ளே மறந்துவிட்டது நினைவுக்கு வந்து எழுந்து போயிருந்தான். அல்ஹம்துலில்லாஹ். அந்தத் தொப்பி அவன் தலையில் இருந்திருந்தால் என்ற எண்ணத்தோடு இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. அடுத்ததைச் சொல்கிறேன்.

சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "ஹஜ்ரத், என்னாச்சு?" என்றார்கள். "தரை ஈரம். வண்டி வழுக்கிவிட்டது, போங்கள்" என்றேன். தரை உண்மையிலேயே ஈரமாக இருந்ததால் எல்லோரும் நம்பினார்கள். அந்த வாரம் நாங்கள் நடத்திக்கொண்டிருந்த அக்லாக் பாடம், உண்மை பேசுதல்.

வழுக்கவில்லை. என் வண்டியில் நியூட்ரலைக் காட்டும் பச்சை விளக்கு பதினொரு மாதங்களாக எரியவில்லை.

வண்டி ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். கைப்பிடிக்கு நடுவே வேகம் காட்டும் மீட்டர் இருக்கிறதல்லவா, அதன் உள்ளே நெற்மணியைவிடச் சற்றே பெரிய சில பல்புகள் இருக்கின்றன. ஒன்றிரண்டு, இரவில் முள்ளும் எண்களும் தெரியும்படி வெளிச்சம் தருபவை. இன்னொன்று பச்சை மூடிக்குப் பின்னால் இருந்து, கியர் எதிலும் விழாமல் வண்டி நியூட்ரலில் இருப்பதை அறிவிப்பது. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் அந்தப் பல்பின் வழியாக இன்ஜினில் உள்ள ஒரு சிறு சுவிட்சுக்குப் போகிறது. நியூட்ரல் விழும்போது மட்டும் அந்தச் சுவிட்ச் வண்டியின் உடம்பைத் தொட, சுற்று முழுமையடைந்து விளக்கு எரிகிறது. அவ்வளவு எளிய ஏற்பாடு. அது போனால் வண்டி நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அது போனது பெரிதாகத் தெரிவதில்லை.

முந்தைய ஆண்டுச் சாரல் காலத்தில் பச்சை விளக்கு போயிற்று. பிறகு சில மாதங்கள் கழித்து மீட்டர் வெளிச்சமும் போயிற்று. 'பல்பு ஃபியூஸாகிவிட்டது, மாற்ற வேண்டும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாற்றவில்லை. அதே மாதங்களில் முன்விளக்கு ஒருநாள் அணைந்தது. அன்று மாலையே மாற்றினேன். பின்விளக்கு உடைந்தது; மறுநாளே மாற்றினேன். கண்ணாடி கழன்றது, ஹாரன் கம்மியது, எல்லாவற்றையும் உடனுக்குடன் சரிசெய்தேன். காரணம் பெரிய பொறுப்புணர்ச்சி ஒன்றுமில்லை. காவலர் நிறுத்துவார், ஜமாஅத்தில் யாராவது, "என்ன ஹஜ்ரத், லைட் இல்லாம வாறீங்க?" என்பார்கள். மீட்டருக்குள் எது எரிகிறது, எது எரியவில்லை என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்ரஸா விடுமுறை. காலையிலேயே உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி பல வருடப் பழக்கம். மூன்று மீட்டர் பல்பு கேட்டேன். "மூணும் ஒண்ணாவா போச்சு பாய்?" என்றார். பச்சை முதலில் போனது, மற்ற இரண்டும் முன்விளக்கு அணைந்த அதே இரவில் போயின என்றேன். அவர் சிரித்தார். "பெரிய பல்பு போயிட்டா, அது குடிக்கிற கரண்டு சின்னதுங்க தலையில ஏறும். பழைய வண்டியில அப்படித்தான். ரெகுலேட்டர் தளர்ந்திருந்தா இன்னும் மோசம். பாத்தியளா?" பார்க்கவில்லை. வண்டியை முறுக்கச் சொல்லிவிட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்தார். எண் 14-ஐ ஒட்டியே நின்றது. 15-ஐத் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும், அப்போது எத்தனை பல்பு மாற்றினாலும் கருகிக்கொண்டே இருக்கும் என்றார். முதலில் அளந்துவிட்டுப் பிறகு பல்பை விற்ற அந்த மனிதருக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

எல்.இ.டி. பல்பு வேண்டுமா என்றும் கேட்டார். வெள்ளைவெளேரென்று எரியுமாம், நீண்ட காலம் உழைக்குமாம். ஆனால் அதில் நேர், எதிர் முனை பார்த்துச் செருக வேண்டும். தலைகீழாகச் செருகினால் எரியாது. மீட்டர் வெளிச்சம் பேட்டரி வழியாக அல்லாமல் நேராக இன்ஜினிலிருந்து வரும் பழைய வண்டிகளில் அது துடிதுடிக்கவும் செய்யும். வயல் நடுவே இருட்டில் போகிறவனுக்குக் கண்ணெதிரே வெள்ளை வெளிச்சம் கூசும். பழைய மஞ்சள் பல்பே போதும் என்றேன். கூடுதல் வாட் கேட்காமல், பழையதில் எழுதியிருந்த அளவிலேயே வாங்கிக்கொண்டேன். அடைபட்ட மீட்டருக்குள் கூடுதல் சூடு ஏறினால் பிளாஸ்டிக் இளகிவிடும். மூன்று பல்புக்கும் சேர்த்துக் கொடுத்தது, இரண்டு பேர் தேநீர் குடிக்கும் காசு.

வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து நானே பிரித்தேன். முதலில் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனை ஒயரைக் கழற்றினேன். முன்விளக்கின் கூட்டைத் தாங்கும் இரு பக்க போல்ட்டுகளையும் எடுத்ததும், கூடு முன்னால் சாய்ந்து, மீட்டரின் அடிப்பாகம் தெரிந்தது. ஒயர் நுனிகளில் ரப்பர் பிடிகள் குமிழ்போல் செருகப்பட்டிருக்கின்றன. ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. ரப்பரைப் பிடித்து மெல்லத் திருகியபடி இழுத்தால் பல்போடு வெளியே வரும். பல்புக்கு மரை ஏதும் இல்லை, நேராக இழுத்தால் வந்துவிடுகிறது.

முதல் இரண்டும் உள்ளே கரி படிந்து, இழை அறுந்து கிடந்தன. அண்ணாச்சி சொன்னது சரி. மூன்றாவதை, அந்தப் பச்சை விளக்கின் பல்பை, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. கண்ணாடி தெளிவாக இருந்தது. இழை முழுமையாக இருந்தது. அது ஃபியூஸாகவே இல்லை. அதைப் பிடித்திருந்த ரப்பர் பிடியின் உள்ளே, செப்புத் தகட்டில் சாரலின் ஈரம் இறங்கிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பதினொரு மாதங்களாகத் திறந்து பார்க்காமலேயே 'பல்பு போய்விட்டது' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். உப்புத்தாளை மெல்லிய குச்சியில் சுற்றித் தகடுகளைத் தேய்த்து, நெகிழ்ந்திருந்த தகட்டைச் சற்று உள்ளே வளைத்து, பழைய பல்பையே செருகினேன். ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் பச்சை எரிந்தது. வாங்கிய மூன்றில் ஒன்று இன்றும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

முஹாஸபா என்று ஒரு பாடம் உண்டு. மனிதன் தன்னைத்தானே கணக்குக் கேட்டுக்கொள்வது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதற்கென்று தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் பெரிய பிள்ளைகளுக்கு அதை நான் நடத்துகிறேன். கரும்பலகையில் வரைபடம் போட்டுக்கூட நடத்துகிறேன். கூட்டை மீண்டும் பொருத்திக்கொண்டிருந்தபோது என் நினைவில் நின்றது அந்த வரைபடம் அல்ல. 'தரை ஈரம்' என்ற என் சொல்தான். விளக்கைச் சரிசெய்தாயிற்று, அதோடு முடிந்தது என்று விட்டுவிட மனம் எத்தனை சாக்குகளைக் கொண்டுவந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பெற்றோர் பயந்துபோவார்கள். உஸ்தாத் மீது மதிப்புக் குறையும். மதிப்புக் குறைந்தால் ஓதுவதில் அக்கறை குறையும். கடைசிச் சாக்கு, மார்க்கத்தின் உடையை உடுத்திக்கொண்டு வந்தது. அதுதான் என்னை எழுப்பிவிட்டது.

சனிக்கிழமை வகுப்பில் பாடத்தைத் தொடங்கும் முன் சொன்னேன். வண்டி வழுக்கவில்லை, நான் கியரில் கிளட்சை விட்டேன், எரியாத விளக்கைச் சரிசெய்யாமல் வைத்திருந்தேன், உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். சிறு பிள்ளைகளுக்குக் கியர் என்ற இடத்திலேயே ஆர்வம் போய்விட்டது. பெரிய பையன் ஒருவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். எனக்காக அவன் வெட்கப்பட்டான் என்று நினைக்கிறேன். அது போதுமான தண்டனையாக இருந்தது.

அந்தச் சிறுவனின் தகப்பனார் சவூதியில் வேலை பார்க்கிறார். பாட்டனார்தான் அவனைக் கூட்டிச் செல்ல வருவார். முன்பு தறி போட்டவர். இப்போது கண் சற்று மங்கல். இனி எல்லாப் பிள்ளைகளும் தெருவில் இறங்கிய பிறகே வண்டியைத் தொடுவது என்று வைத்துக்கொண்டிருந்ததால், அன்று அவரோடு வாசலில் நிற்க நேரம் இருந்தது. "மாமா, ஒரு விஷயம்" என்று தொடங்கி, நடந்ததை முழுவதும் சொன்னேன். பேரன் உட்கார்ந்திருந்த இடத்தையும் காட்டினேன். அவர் பிளந்த பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பேரனின் தோளில் இருந்த அவர் கை இறுகியதைக் கண்டேன்.

"அல்லா காப்பாத்துனான்" என்றார். பிறகு, "வெளக்கு மாத்தியாச்சா ஹஜ்ரத்?" என்றார்.

"சரிபண்ணிவிட்டேன்."

"காட்டுங்க."

சாவியைத் திருப்பினேன். அவர் வேட்டியை மடித்துக்கொண்டு, மீட்டரின் மேல் முகம் படுமளவு குனிந்து, அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தார். பேரனும் எட்டிப் பார்த்தான்.

"இத்துணூண்டுதானா?" என்றார்.