சதுரங்கப்பட்டினம்

மாமல்லபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலோரம் அமைந்த சிற்றூர் சதுரங்கப்பட்டினம். சம்புவராயர் காலத்தில் அஃது இராசநாராயணன் பட்டினம் என வழங்கிற்று. பிற்காலத்தில் ஐரோப்பியர் நாவில் சதுரங்கப்பட்டினம் ‘சட்ராஸ்’ எனச் சுருங்கிற்று.

கி.பி. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் எனப்படும் ஒல்லாந்தர் இவ்வூருக்கு வாணிகம் நாடி வந்தனர். அவர்களை ஈர்த்தவை பொன்னும் மணியும் அல்ல; இவ்வட்டாரத்து நெசவாளர் நெய்த மெல்லிய பருத்தித் துணிகளே. வாணிகத்தைக் காக்கச் செங்கற்கோட்டை எழுப்பினர், பண்டகசாலை கட்டினர், இறந்தோரைக் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்தனர். 1782-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17-ஆம் நாள், ஆங்கிலக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் இவ்வூர்க் கடலில் பொருதன. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, ஒல்லாந்தர் இந்தியாவிலிருந்த தம் இடங்களை ஆங்கிலேயரிடம் ஒப்புவித்தனர். இன்று அக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

நான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் ஒருமுறை மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். கல்லறைப் பலகைகளில் ஒல்லாந்த மொழி எழுத்துகளும் குடிச்சின்னங்களும் நுட்பமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றின் அழகை நான் விரித்துரைத்துக்கொண்டிருந்தபோது, நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன், “ஐயா, துணி வாங்கியவர் பெயர் இங்கே இருக்கிறது, நெய்தவர் பெயர் எங்கே இருக்கிறது?” என்று வினவினான்.

“குறுக்கே பேசாதே, சொல்வதைக் கேள்!” என்று அதட்டினேன். அவன் தலைகவிழ்ந்தான். என் அறியாமையை மறைக்கவே அதட்டினேன் என்பதை என் நெஞ்சம் அறியும். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் வகுப்பில், எல்லோர் முன்னும், “தம்பி, நீ கேட்டது நல்ல கேள்வி. எனக்குத்தான் விடை தெரியவில்லை” என்றேன்.

அன்று மாலை அவன் என்னைத் தன் வீட்டிற்கு அழைத்துச் சென்றான். குழித்தறியில் அமர்ந்திருந்த அவன் பாட்டனார், தம் தந்தை, பாட்டன், பூட்டன் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். “அதற்கு மேல் நினைவில்லை, ஐயா” என்று கூறி, மீண்டும் நாடாவை ஓட்டலானார். பிள்ளை அப்பெயர்களைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

மாணவர்களே! கோட்டையும் கல்லறையும் ஓர் ஊரின் வரலாற்றில் ஒரு பாதியே. மறுபாதி உங்கள் வீட்டு முதியோர் நினைவில் உள்ளது. அது மறையுமுன் கேட்டு எழுதி வையுங்கள். எனக்கு இப்பாடத்தைக் கற்பித்தவன் என் மாணவனே.