மந்தம் எவருடையது?

கல்வி உளவியலை நாம் கற்றது பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்காக. நுண்மதி, ஊக்கல், மீளவலியுறுத்தல் என்னும் சொற்களைப் பரீட்சையில் எழுதினோம், தேறினோம். அச்சொற்களின் பொருளை எமக்கு உணர்த்தியதோ திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் மீன்சந்தை.

தமிழ் பயின்ற நாம், ஆசிரியர் பற்றாக்குறையால் எட்டாந் தரத்துக்குக் கணிதமும் கற்பிக்க நேர்ந்தது. அவ்வகுப்பில் கடற்றொழிலாளி ஒருவரின் மகன் இருந்தான். விடியலில் கரைவலை இழுத்துவிட்டு வருவான். இரண்டாம் பாடவேளையில் உறங்கிவிடுவான். கணிதத்தில் அவன் பெற்ற புள்ளி 12. ‘மந்தமான மாணவன்’ என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதியது எமது கையே.

ஒரு சனிக்கிழமை, சந்தையில் தந்தையின் தராசருகே அவனைக் கண்டோம். கிலோ 1,450 ரூபா வீதம் மூன்றரைக் கிலோ பாரை கேட்டோம். “மூண்டு கிலோ நாலாயிரத்து முன்னூற்றைம்பது, அரைக் கிலோ எழுநூற்றிருபத்தைஞ்சு; ஐயாயிரத்து எழுபத்தைஞ்சு, சேர்” என்றான், மீனைப் பையிலிட்டவாறே. திங்களன்று அதே கணக்கை 1450 × 3.5 எனப் பலகையில் எழுதி அவனை அழைத்தோம். தசமப் புள்ளியைக் கண்டதும் தலை குனிந்து நின்றான்.

அவ்வாறாயின் மந்தம் எவருடையது?

பிறேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் பொருள் விற்கும் ஐந்து பிள்ளைகளை, தெரெசினா நூனெஸ் கராஹெரும் இரு துணை ஆய்வாளரும் ஆராய்ந்து 1985இல் வெளியிட்டனர். விற்பனையின்போது கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அவ்வகைக் கணக்குகளையே வெற்றெண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதமே சரி. பிள்ளைகள் ஐவரே. ஆயினும் எமது வகுப்பறைக்கு அவ்வைவரும் அந்நியரல்லர்.

பிள்ளை தனியே செய்வதை மட்டும் அளவாகக் கொள்ளாது, அறிந்தவர் துணையுடன் செய்யக்கூடியதையும் நோக்க வேண்டும் என்றார், 1934இல் மறைந்த சோவியத் உளவியலாளர் வைகொட்ஸ்கி. ‘அண்மைய விருத்தி வலயம்’ என்று நாம் மனனஞ் செய்தது இதனைத்தான்.

அவனது வழியை வாய்விட்டுச் சொல்லுமாறு கேட்டு, சொன்னபடியே பலகையில் எழுதினோம். எண்ணைப் பிரித்துப் பெருக்கிக் கூட்டும் விதியை வகுப்பு முழுவதும் அவனிடமிருந்து கற்றது. பின்னர், 3.65 கிலோ எனின் என்ன செய்வாய் என்று வினவினோம். சற்றுத் தடுமாறினான். தசமம் எதற்கு என்பது அக்கணத்திற்றான் அவனுக்கு விளங்கியது.

சந்தைக் கணக்கே போதும் என்று நாம் கூறவில்லை, நண்பர்களே. சம்மாட்டியிடம் பெற்ற முற்பணமும் அதன் கழிவும் கொப்பியில் எழுதப்படுகின்றன. அதனை வாசித்துச் சரிபார்க்க இயலாதவன், மனக்கணக்கில் வல்லவனாயினும், பிறர் சொல்லை நம்பியே வாழ வேண்டியவன்.

1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசம். அவனைப் பாடசாலை வாயிலுக்குள் கொண்டுவந்தது அது. அவன் கொண்டுவரும் அறிவுக்கு வகுப்பில் இடமளிப்பது எமது கடமை.

இன்னும் சில நாட்களில் அவன் உறங்கத்தான் செய்கின்றான். விடியற்காலை வேலைக்கு உளவியல் மருந்தாகாது. அடுத்த தவணை அறிக்கையில் அந்தச் சொல்லை மாத்திரம் நாம் எழுதவில்லை.