வாரம் ஒரு குடம்

எங்க ஊருப் பக்கம் இப்ப மீன் தொட்டி நொழையாத எடமே இல்லைன்னு ஆயிப்போச்சுங்க. புது வீடு கட்டிப் பால் காய்ச்சறவங்க ஹால்ல டிவிக்குப் பக்கத்துல ஒண்ணு. டீக்கடைக் கல்லாவுக்குப் பின்னாடி ஒண்ணு. உரக்கடையில கூட மருந்து டப்பாங்களுக்கு நடுவுல ஒண்ணு பளபளன்னு இருக்கு. மாடு கன்னு வளர்த்துன நமக்கு மீன் வளர்த்தறதெல்லாம் ஒரு வேலையான்னுதான் தோணும். ஆனா பாருங்க, பாதி வீட்டுல வாங்குன மீனு ஒரு மாசம் தாண்டறதில்ல. அப்புறம் அந்தத் தொட்டி வெங்காயக் கூடையா மாறி மொட்டை மாடிக்குப் போயிரும்.

நம்ம பண்ணைக்குட்டையில ரோகு, கட்லா விட்டு வளர்த்தறதால என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்வி ஒண்ணுதான். "தொட்டித் தண்ணிய எத்தன நாளைக்கு ஒருக்கா மாத்தறதுங்க?"

கேக்கறவங்க ரெண்டு கட்சி. ஒரு கட்சி, வாரா வாரம் ஞாயித்துக்கெழமை மீனை வாளியில புடிச்சுப் போட்டுட்டு, தொட்டிய மொத்தமாக் கவுத்து, கல்லையெல்லாம் சோப்பு போட்டுத் தேய்ச்சு, புதுத்தண்ணி நெப்பற கட்சி. இன்னொண்ணு, "டேங்க் கிளீனர் மீனு ரெண்டு விட்டிருக்கேன், அதே சுத்தம் பண்ணிக்கும்"னு வருசம் பூரா மாத்தாம, கொறைஞ்சதுக்கு மட்டும் ஊத்திட்டு வர்ற கட்சி. ரெண்டு வீட்டுலயும் மீனு சாகும். முதல் வீட்டுல சீக்கிரம், ரெண்டாவது வீட்டுல மெதுவா.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள சாதாரணத் தொட்டியில கழுத்து மட்டம் நெப்புனா ஒரு அம்பது லிட்டர் புடிக்கும். அதுல வாரம் ஒருக்கா கால் பாகம் மாத்தணும். கால் பாகம்னா சுமாரா நம்ம வீட்டு பிளாஸ்டிக் கொடத்துல ஒரு கொடம். ஒரு கொடம் வெளிய, ஒரு கொடம் உள்ள. அவ்வளவுதான்.

இந்தச் சின்ன வெசயத்துக்கு ஏன் இம்புட்டு நீளமா எழுதறேன்னு கேப்பீங்க. காரணம் என் தங்கச்சி மகன். ஆறாவது படிக்கறான். பொறந்த நாளுக்கு அவங்கப்பா தொட்டியும் நாலு தங்கமீனும் வாங்கிக் குடுத்தாரு. தங்கச்சி சுத்தக்காரி. வாரா வாரம் கவுத்துக் கழுவுனா. மூணாம் நாளே மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்கும், அப்புறம் ஒவ்வொண்ணா மெதக்கும். மறுபடி வாங்குனாங்க, மறுபடி செத்துச்சு. மூணாவது தடவையும் செத்தப்போ தங்கச்சியோட மாமியார் ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க. "இவன் கை ராசியில்லாத கை."

டவுனுக்காரங்களுக்கு இது சாதாரணப் பேச்சாத் தெரியும். நம்ம ஊருல கைராசின்னா என்னன்னு விவசாயம் பண்றவனுக்குத் தெரியும். நாத்து விடற அன்னைக்கு முதல் பிடி நெல்லை யாரு போடறது, முருங்கைப் போத்தை யாரு நடறது, கோழிக்கு முட்டை வெச்சு அவயம் யாரு உக்கார வெக்கறதுன்னு பாக்கற ஜனம் நாம. அந்த வருசம் வாய்க்கால்ல தண்ணி வந்து நாத்து விட்டப்போ, அந்தம்மா பெரிய மகன் வீட்டுக் கொழந்தையக் கூப்புட்டு முதல் பிடி போடச் சொன்னாங்க. அதுக்கு முந்துன வருசம் வரைக்கும் போட்டது இவன். வரப்புல நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். ஒண்ணும் கேக்கல. அதுக்கப்புறம் தொட்டிப் பக்கமே போகல. வீட்டுல கோழிக்குஞ்சத் தொடறதுக்கே "வேண்டாம் மாமா"ன்னு கையப் பின்னால கட்டிக்கிட்டான்.

பதினோரு வயசுப் பையன் தன்னோட கையைப் பத்தி அப்படி நெனைக்கக் கூடாது. அதனால இது மீனைப் பத்துன வெசயம் மட்டும் இல்லீங்க.

இப்ப அந்த மீனெல்லாம் எதனால செத்துச்சுன்னு பாப்போம். புதுப் படிப்பு எதுவும் வேண்டாம், நம்ம குப்பைமேட்டுக்குப் பக்கத்துல நின்னு யோசிச்சாலே போதும்.

பச்சைச் சாணியச் செடி வேருல போட்டா என்ன ஆகும்? வெந்து போகும். அதையே மக்க வெச்சுப் போட்டா செடி துளுக்கும். நடுவுல வேலை பாத்தது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். தொட்டியிலயும் அதே கதைதான். மீனு திங்கற தீனியில இருந்து அம்மோனியா வருது. அதைப் பெரும்பாலும் செவுள் வழியாவே வெளிய விடுது. மாட்டுக் கொட்டாயில விடியக்காலம் மூக்கைக் குத்துதே, அதே அம்மோனியா. தண்ணியில கொஞ்சம் கூடுனாலே மீனோட செவுள் புண்ணாயிரும்.

இந்த அம்மோனியாவத் திங்கறதுக்குன்னே ஒரு வகை நுண்ணுயிர் இருக்கு. அது அம்மோனியாவ நைட்ரைட்டா மாத்தும். நைட்ரைட்டும் வெசம்தான். இன்னொரு வகை அதையும் வாங்கி நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட்டு மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்ல, செடிக்கோ அதுதான் சாப்பாடு. நம்ம வயல்ல யூரியா போட்டா மண்ணுல நடக்கறதும் இதேதான். யூரியாவுல வேப்பெண்ணெய் தடவி வருதே, எதுக்கு? மண்ணுல இந்த வேலை ரொம்ப வேகமா நடந்து சத்து வீணாகாம இருக்கத்தான். வயல்ல மெதுவா நடக்கணும்னு தடவறோம், தொட்டியில நிக்காம நடக்கணும்னு பாக்கறோம்.

முக்கியமான எடம் இது. அந்த நுண்ணுயிரு தண்ணியில மெதந்துக்கிட்டு இருக்கறது கொஞ்சம்தான். பெரும்பாலும் கல்லு மேல, கண்ணாடி மேல, எல்லாத்துக்கும் மேல அந்த ஃபில்டர் பஞ்சுல ஒட்டிக்கிட்டு இருக்கும். புதுத் தொட்டியில அது நல்லாப் பெருகறதுக்கு ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும். தங்கச்சி வாரா வாரம் சோப்பு போட்டுத் தேய்ச்சப்போ, அழுக்குன்னு நெனைச்சு அதைத்தான் கழுவி விட்டுட்டிருந்தா. தயிர்ப் பானையில உறைக்குக் கூட ஒரு கரண்டி வெக்காம கழுவிக் கவுத்தா அடுத்த நாள் தயிர் எங்க இருந்து வரும்? கண்ணாடி பளிச்சுன்னு இருந்துச்சு. மீனுக்கு மட்டும் வாரா வாரம் புதுத்தொட்டியில குடியேறுன பாடு.

அப்ப மாத்தாமலே இருந்துட்டா? அதுவும் ஆகாது. நைட்ரேட்டு சேந்துக்கிட்டே போகும். தண்ணி ஆவியாப் போறப்போ உப்பெல்லாம் உள்ளயே தங்கிரும். கொறைஞ்சதுக்கு மட்டும் ஊத்த ஊத்த உப்பு ஏறும். போர்த் தண்ணியவே வருசக்கணக்காப் பாய்ச்சி வெள்ளை பூத்த காடு பாத்திருப்பீங்களே, அதே மாதிரி. அந்த டேங்க் கிளீனரு பாசியத்தான் மேயும். அதுவும் திங்கும், கழியும். அழுக்கைக் கூட்டுமே ஒழிய கொறைக்காது. அது பெருசானதும் பாவம்னு கொண்டு போய் ஏரியில, வாய்க்கால்ல விட்டுராதீங்க. நம்ம நாட்டு மீனுக்கு அது எடைஞ்சலாத்தான் ஆகியிருக்கு.

நம்ம கெணத்தைப் பாருங்க. கெளுத்தியும் கெண்டையும் தலைமுறையா இருந்துச்சு. தெனமும் கொஞ்சம் எறைச்சோம், தெனமும் ஊத்துல கொஞ்சம் ஊறுச்சு. யாரும் வாரம் ஒருக்கா வத்த எறைச்சுத் தேய்க்கல. எறைக்காமப் போட்ட கெணறும் நல்லா இருக்கல. தொட்டிக்கு நாம செய்ய வேண்டியதும் அந்த ஊத்தோட வேலைதான்.

செய்யற முறை இது.

முந்தின நாளே ஒரு வாளியில தண்ணி புடிச்சுத் தெறந்து வெச்சிருங்க. பஞ்சாயத்துத் தண்ணின்னா பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். ஒரு நாள் தெறந்து வெச்சா அந்தக் குளோரின் பெரும்பாலும் பறந்துரும். அவசரம்னா மீன் கடையில ஆன்டி குளோரின்னு விக்கறாங்க, பாட்டில்ல போட்டிருக்கற அளவுப்படி சொட்டு விடலாம். போர்த் தண்ணின்னாலும் ஒரு ராத்திரி காத்தாட வெக்கறது நல்லது. சித்திரை வெயில்ல மாடி சின்டெக்ஸ் தண்ணிய நேரா ஊத்தாதீங்க, சூடே மீனைக் கொன்னுரும். கையை விட்டுப் பாத்தா தொட்டியும் வாளியும் ஒரே மாதிரி இருக்கணும்.

மோட்டார் சுவிட்சை அணைச்சுட்டு, ஒரு டியூப்பை விட்டு, டிராக்டருல டீசல் எடுக்கற மாதிரி கீழ எறக்குங்க. டியூப்போட வாயைக் கல்லுக்கு மேல நகத்திக்கிட்டே போனா அடியில தங்குன கசடும் வந்துரும். ஒரு கொடம் ஆனதும் நிறுத்திருங்க. மீனைப் புடிக்கவே வேண்டாம். ஃபில்டர் பஞ்சை, எடுத்த பழைய தண்ணியிலயே ரெண்டு தடவை பிழிஞ்சு திரும்ப மாட்டுங்க. குழாய்த் தண்ணி வேண்டாம், சோப்பு ஆகவே ஆகாது. அப்புறம் வாளித் தண்ணிய மெதுவா ஊத்துங்க.

எல்லாத் தொட்டிக்கும் ஒரே கணக்கு இல்ல. மீனு கம்மி, உசுருள்ள செடி நெறையன்னா பத்துப் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா போதும். மீனு நெருக்கமா இருந்தா, முக்கியமாத் தங்கமீன்னா, அது அதிகம் கழியற மீனு, வாரத்துக்கு ரெண்டு தடவை கூட வேண்டியிருக்கும். புதுத் தொட்டிக்கு முதல் ஒரு மாசம், ஒன்றரை மாசம் தீனியக் கொறைச்சுப் போட்டு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா அரைக் கொடம் மாத்துங்க. மீனு மேல வந்து வாயப் பொளந்தா அன்னைக்கே பாதித் தண்ணிய மாத்துங்க. பல மாசமா மாத்தாத தொட்டின்னா ஒரேயடியாக் கை வெக்காதீங்க, தெனம் ரெண்டு மூணு சொம்பா ஒரு பத்து நாளைக்கு மாத்துங்க. திடீர்னு தண்ணியோட குணம் மாறுனாலும் மீனு தாங்காது. கேன் தண்ணி சுத்தம்னு நெனைச்சு அதையே ஊத்தறவங்களும் இருக்காங்க. அதுல மீனுக்கு வேண்டிய உப்பையும் எடுத்திருப்பாங்க. நம்ம உப்புத் தண்ணிக்கு கப்பி, மோலி நல்லாவே வரும். மண்ணுக்கேத்த பயிரு மாதிரி தண்ணிக்கேத்த மீனு.

தீனியிலயும் கணக்கு வேணும். ரெண்டு நிமிசத்துல தின்னு முடிக்கற அளவு போதும். மீதியாறதெல்லாம் அம்மோனியாதான்.

தங்கச்சி மகன் கதைக்கு வர்றேன். கடைக்காரரு ஒருத்தரு தன்னோட பழைய தொட்டியில இருந்து ஒரு பிடி கல்லும் அழுக்குப் பஞ்சு ஒண்ணும் குடுத்தாரு. தயிருக்கு உறை குத்தற மாதிரி அதைப் போட்டோம். நாலு மீனுக்குப் பதிலா ரெண்டே ரெண்டு. "மாப்ள, இது கைராசி இல்ல, கைக்கணக்கு"ன்னு சொல்லி, தண்ணி மாத்தற வேலைய அவன்கிட்டயே உட்டுட்டேன். முதல்ல மாட்டேன்னான். அப்புறம் சனிக்கெழமை சாயங்காலம் வாளி புடிச்சு வெக்கறது, ஞாயித்துக்கெழமை மாத்தறது, காலண்டர்ல சுழிக்கறதுன்னு ஆரம்பிச்சான். பத்து மாசம் ஆச்சு. ரெண்டு மீனும் இருக்கு. நல்லாப் பாத்துக்கிட்டா தங்கமீனு பத்து வருசத்துக்கு மேல கூட இருக்கும்னு சொன்னேன். அப்ப அவன் காலேஜ் போயிருப்பான்னு கணக்குப் போட்டுச் சிரிச்சான்.

எடுக்கற தண்ணியக் கீழ கொட்டறதில்ல. நைட்ரேட்டு உள்ள தண்ணியாச்சே, கறிவேப்பிலைக்கு ஊத்தறான். செடி கருகருன்னு வந்திருக்கு. அவங்க ஆத்தா அதைப் பாத்துட்டு, இந்த ஆடியில அவரை விதையும் பீர்க்கன் விதையும் அவன் கையில குடுத்து, "நீயே ஊனு கண்ணு"ன்னாங்களாம். பழசைப் பத்தி அவங்களும் பேசல, அவனும் பேசல. விதை மொளச்சிருச்சுன்னு எனக்கு போன் பண்ணிச் சொன்னான்.

வீட்டுல தொட்டி வெச்சிருக்கற பெரியவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். மீனு செத்தா கொழந்தையோட கையப் பாக்காதீங்க, தண்ணியப் பாருங்க. கண் திருஷ்டிய மீனு வாங்கிக்கிச்சுன்னு சொல்லி அடுத்த மீனு வாங்கப் போகாதீங்க. வாரம் ஒரு கொடம் எடுத்து, ஒரு கொடம் ஊத்துங்க. எடுத்ததை ஒரு செடிக்கு விடுங்க. அதைக் கொழந்தைங்க கையாலயே செய்ய விடுங்க.