இறங்காத விரல்

துறைகளுக்கிடையிலான கிரிக்கெட் போட்டிக்கு நடுவர் கிடைக்கவில்லை என்று எங்கள் உடற்கல்வி இயக்குநர் வருந்தியபோது, தமிழ்த்துறைக்காரன் பின்வாங்கலாகாது என்னும் வீம்பில் நான் ஒப்புக்கொண்டேன். கிரிக்கெட் விதிகளைப் பேணிவரும் லண்டன் எம்.சி.சி. கழகம், தொடக்கநிலை நடுவர்களுக்கான பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. மூன்று வாரங்கள், விடைத்தாள் கட்டுகளை ஒதுக்கிவிட்டு, இரவுதோறும் அவற்றின் முன் அமர்ந்தேன்.

விதிகள் மொத்தம் 42. தொல்காப்பியம் பயின்றவனுக்கு அந்த நடை அந்நியமாகத் தோன்றவில்லை; நூற்பாவைப் போலவே ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் பொருள் மாறிவிடும். முறையீடு எழாதவரை நடுவர் எவருக்கும் அவுட் கொடுக்கக்கூடாது என்பது 31ஆம் விதி. பந்து காலில் படுமுன் மட்டையைத் தொட்டிருந்தால் எல்.பி.டபிள்யூ. இல்லை என்பது 36ஆம் விதி. காணொளியை நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், மீண்டும் பார்த்து விடையளிக்கலாம். ஒரு வினாவும் தவறவில்லை.

ஆட்டத்தன்று என் வகுப்பு மாணவன் ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான். உள்ளே திரும்பிய பந்து அவன் கால்காப்பில் மோதியது. எதிரணியினர் ஒருசேர முழங்கினார்கள். விரலை உயர்த்திவிட்டேன். உயர்த்திய பிறகே செவி சொன்னது: ஒலி இரண்டு, முதல் ஒலி மட்டையுடையது.

உடனடியாகச் செய்வதாயின், நடுவர் தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ள 2ஆம் விதி இடமளிக்கிறது. அதற்குச் சைகையும் உண்டு. இரு கைகளையும் மார்பின் குறுக்கே கொண்டுசென்று எதிரெதிர்த் தோள்களைத் தொடவேண்டும். அந்த வினாவுக்கும் சரியான விடை அளித்தவன்தான் நான். ஆனால் எல்லைக் கோட்டில் பிற துறைப் பேராசிரியர்கள் அமர்ந்திருந்தார்கள். கைகள் எழவில்லை. அவன் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தான். பின் மட்டையை அக்குளில் இடுக்கியபடி நடந்தான்.

18 ஆண்டுகளாகத் திருக்குறளின் ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தை நடத்திவருகிறேன். நட்பு, பகை என எப்பக்கமும் சாயாமை என்றே விளக்கி வந்திருக்கிறேன். அன்றும் இரு அணிகளின் பக்கமும் நான் சாயவில்லை. என் பக்கம் சாய்ந்தேன். இப்படியொரு பக்கம் இருப்பதை எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை.

மறுநாள் வகுப்பில், அனைவரும் கேட்க, “தம்பி, நேற்று நீ அவுட் இல்லை. தவறு என்னுடையது” என்றேன்.

“தெரியும் ஐயா” என்றான். அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டும் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாடங்களை மீண்டும் திறந்திருக்கிறேன். விதிகள் நினைவில் இருக்கின்றன. பழக வேண்டியது அந்த ஒரு சைகையைத்தான்.