8 விநாடி

நேரலையில் பேச்சு நின்றால் நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவார். அதனால் வானொலிக்கு வந்ததும் நாங்கள் பழகும் முதல் பாடம், இடைவெளி விழுந்தால் பேசி நிரப்புவது. அந்தப் பழக்கம் சென்ற ஆண்டு என்னைத் தலைகுனிய வைத்தது.

நேயர் விருப்ப நிகழ்ச்சி. கிள்ளானிலிருந்து ஓர் அம்மா அழைத்து, மறைந்த கணவருக்குப் பிடித்த பாடலைக் கேட்டார். பாடலின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டினேன். 8 விநாடி கழித்து ‘இல்லை’ என்றது. எழுத்தை மாற்றினேன். இன்னொரு 8 விநாடி, மறுபடியும் ‘இல்லை’. மூன்றாவது முறை தேடல் ஓடிக்கொண்டிருக்க, “அவர் என்னம்மா வேலை பார்த்தார்? கடைசியா எப்போ சேர்ந்து கேட்டீங்க?” என்று பேச்சை வளர்த்தேன். அவர் அழத் தொடங்கினார். பாடல் கிடைப்பதற்குள் இணைப்பு அறுந்தது. அந்தக் கேள்விகளை நான் அக்கறையில் கேட்கவில்லை, நேரத்தை ஓட்டத்தான் கேட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில், தே தாரேக்கோடு எங்கள் கணினிப் பிரிவுத் தம்பியிடம் புலம்பினேன்.

“எத்தனை நாளா இப்படி இழுக்குதுக்கா?”

“ரெண்டு வாரம் இருக்கும்.”

“ஏன் சொல்லல?”

“பேசிச் சமாளிச்சிட்டேன்.”

மடிக்கணினியைத் திறந்தார். தரவுத்தளத்திடம் நாம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு வினவல். நாங்கள் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல்லில் மெதுவான வினவல்களைக் குறித்துவைக்கும் பதிவேடு உண்டு. ஆனால் நாம் மாற்றாவிட்டால், 10 விநாடிக்கு மேல் எடுத்தவற்றையே அது குறிக்கும். என் 8 விநாடி அதில் சிக்கவில்லை. அதில் சிக்கியிருந்தது மாதக் கடைசி அறிக்கை, 40 விநாடி.

“அப்போ அதுதானே பிரச்சினை?”

“இல்லக்கா. அது எப்பவுமே 40தான். உங்க தேடல் அரை விநாடியில முடியும். அது 8 ஆனதுதான் கோளாறு.”

வரம்பை 1 விநாடியாகக் குறைத்தாலும் போதாதாம். 0.05 விநாடியில் முடிந்த வேலை 0.5 ஆனால், பத்து மடங்கு தாமதம், ஆனாலும் தப்பிவிடும். ஆகவே ஒவ்வொரு வகை வினவலையும் அதன் பழைய கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும். அதுவும் இன்றைய மாலையைச் சென்ற வாரத்தின் அதே மாலையோடு. சராசரியை மட்டும் நம்பவும் கூடாது. 100 தேடலில் 95 உடனே வந்து 5 மட்டும் இழுத்தால், சராசரி பெரிதாக அசையாமல் போகலாம். காத்திருந்த அந்த ஐவருக்குத்தான் அது தெரியும்.

நல்லவேளை, மணிக்கொரு முறை சேமித்த கணக்கு எங்களிடம் இருந்தது. தாமதம் தொடங்கிய நாளை அது காட்டியது. தரவுத்தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றிய அதே நாள்! தரவுத்தளம் எந்த வழியில் பதில் தேடுகிறது என்று அதனிடமே கேட்க ‘எக்ஸ்பிளெய்ன்’ என்ற கட்டளை இருக்கிறது. பாடல் கடைசியாக எப்போது ஒலித்தது என்று பார்க்க, பல ஆண்டு ஒலிபரப்புப் பதிவு முழுவதையும் அது வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தது. மாற்றும்போது ஓர் இன்டெக்ஸ் விடுபட்டிருந்தது. புத்தகத்தின் கடைசியிலுள்ள சொல்லடைவு கிழிந்துபோனால் முதல் பக்கத்திலிருந்து புரட்டத்தானே வேண்டும்? அதை மீண்டும் சேர்த்ததும் தேடல் அரை விநாடிக்குத் திரும்பியது.

அடியோடு நின்றுபோயிருந்தால் அன்றைக்கே சரிசெய்திருப்பார்கள். மெதுவாக ஓடியதால் நான் சமாளித்தேன். சமாளித்ததால் யாருக்கும் தெரியவில்லை. உங்கள் அலுவலகத்திலும் “லைன் ஸ்லோ, கொஞ்சம் உட்காருங்க” என்று சிரித்தபடி சொல்லும் ஒருவர் இருப்பார். எத்தனை நாளாக என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது ஒலிப்பதிவு அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். தேடல் இழுத்தால் நாள், நேரம், தேடிய பெயர் மூன்றையும் எழுதித் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன்.

மறுவாரம் அதே நேரத்தில் அந்தப் பாடலைப் போட்டேன். “கிள்ளான் அம்மாவுக்காக” என்று மட்டும் சொன்னேன். பிறகு, பாடல் முடியும் வரை, நான் பேசவில்லை.