மூட்டை என்ன விலை?

கெமிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். என் மினி புராஜெக்ட், 'சிறுநீரில் இருந்து உரம்'. கேட்டதுமே ஹாஸ்டலில் எனக்கு 'டாய்லெட் விஞ்ஞானி'னு பட்டம் கொடுத்துட்டாங்க!

சிரிங்க பாஸ்... ஆனா, 1669-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் பாஸ்பரஸைக் கண்டுபிடிச்சதே சிறுநீரைக் காய்ச்சித்தான். தங்கம் தேடினவருக்குக் கிடைச்சது அது!

பாஸ்பரஸ் இல்லாம எந்தப் பயிரும் வளராது. நம்ம டி.ஏ.பி. உரத்துக்கான பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதி கப்பலில்தான் வருது. உலக இருப்பில் பெரும்பங்கு மொராக்கோ பக்கம். அங்கே விலை ஏறினா, இங்கே எங்கப்பா நகையை அடகு வைக்கணும். அதே பாஸ்பரஸைச் சாப்பிட்டு சாக்கடையில் விடுறோம். அது ஏரிக்குப் போய் ஆகாயத்தாமரையை வளர்க்குது!

சேமிச்சுவைச்ச சிறுநீரில் மெக்னீசியம் உப்பைக் கலந்தா, 'ஸ்ட்ரூவைட்'னு படிகமா பாஸ்பரஸ் அடியில் தங்கிடும். அதுவே உரம். பெரிய கழிவுநீர் நிலையங்களின் கசடிலிருந்து 2029 முதல் பாஸ்பரஸை மீட்கணும்னு ஜெர்மனி 2017-லயே விதி போட்டாச்சு. நம்ம முசிறியில் 2000-களிலேயே, சிறுநீரைத் தனியாப் பிரிக்கிற பொதுக் கழிப்பறைக்கு வந்தவங்களுக்குக் காசு கொடுத்திருக்காங்க!

அப்பாகிட்ட சொன்னேன். முகம் சுளிக்கலை. "குப்பைக்குழியில போடாததையா சொல்லிட்ட? மூட்டை என்ன விலைக்குத் தருவே?"ன்னார்.

அந்தக் கணக்கைத்தான் இப்போ போட்டுட்டிருக்கேன்.