குறி தவறுவது கண்ணாலா, கசடாலா?

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கண்டாச்சிபுரம். சுற்றிலும் பாறைக் குன்றுகள், கரும்பு, மல்லாட்டைக் கொல்லைகள். விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் நரிக்குறவர்கள் நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போவது ஒரு காலத்தில் சாதாரணக் காட்சி. "அவங்க வச்ச குறி தப்பாது" என்று ஊரில் சொல்வார்கள். அது கண்ணின் கூர்மை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி குழலுக்குள் இருக்கிறது.

இந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, ரவையையோ குண்டையோ போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பின்பக்கம் ஒரு கேப், ஏறக்குறைய தீபாவளிக் கேப் மாதிரி. குதிரை அதன்மேல் விழுந்தால் வெடிக்கும். அதாவது, தொழிற்சாலையில் நடக்க வேண்டிய வேலையை ஒவ்வொரு முறையும் சுடுபவரே செய்கிறார். அவர் கை ஒருநாள் போல் இன்னொரு நாள் இல்லாவிட்டால் குறியும் அப்படித்தான்!

அதனால் முதல் விதி அளவு. மருந்தை எப்போதும் ஒரே அளவுக் குப்பியால் அளக்க வேண்டும். இரண்டாவது விதி அழுத்தம். சரியாகக் கெட்டித்த நிலையில் கம்பி வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்த இடத்தில் ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டால் போதும். அடுத்த முறை கோடு வாய்க்கு வெளியே நின்றால், குண்டு அடி வரை போகவில்லை என்று அர்த்தம். அப்படியே சுட்டால் குறி மட்டும் போகாது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் குழலே வெடித்துக் கையைக் கொண்டுபோகலாம்.

குண்டு ஏன் நடுவில் நிற்கிறது? காரணம் கசடு. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த கருமருந்து எரிந்தால், அதன் எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாக மிஞ்சுகிறது. கொஞ்சம் புகையாகப் போகும், மிச்சம் குழலில் ஒட்டும். நாலைந்து முறை சுட்டால் குழலின் உள்விட்டமே குறைந்துவிடும். உள்ளே சுழல் பள்ளம் வெட்டிய ரைபிள் என்றால் இன்னும் மோசம், பள்ளமே அடைத்துவிடும்.

1760 ஜனவரி 22 அன்று நம் பக்கத்து வந்தவாசியில் அயர் கூட் படையும் லாலி படையும் மோதிய காலத்தில், ஆங்கிலச் சிப்பாயின் மஸ்கட் குழல் முக்கால் அங்குலம். குண்டோ அதைவிடச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் சிறியது. கசடு சேர்ந்தாலும் குண்டு உள்ளே இறங்க வேண்டும் என்றுதான் அந்த இடைவெளி. ஆனால் குண்டு குழலில் இங்கும் அங்கும் தட்டிக்கொண்டு போகும், குறி இருக்காது. பின்னால் வந்த 1853 மாடல் என்ஃபீல்டு ரைபிளின் காகிதத் தோட்டாவில் கொழுப்புத் தடவியதும் குண்டு வழுக்கி இறங்கவும் கசடு இளகவும்தான். அந்தக் கொழுப்பு 1857இல் என்ன செய்தது என்பது பள்ளிக்கூடப் பாடம்.

சரி, நாட்டுத் துப்பாக்கிக்கு வருவோம். சுட்ட பிறகு ஒரு ஈரத்துணி, பிறகு ஒரு உலர்ந்த துணி. இதை ஒவ்வொரு முறையும் செய்தால் முதல் வெடியும் பத்தாவது வெடியும் ஒரே மாதிரிக் குழலில் நடக்கும். உள்ளே நெருப்புப் பொறி மிஞ்சியிருந்தாலும் அணைந்துவிடும். பொறி இருக்கும் குழலில் மருந்தைக் கொட்டுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

வீடு திரும்பியதும் முக்கிய வேலை. பலர் மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பார்கள். பளபளக்கும், ஆனால் உபயோகமில்லை. கசடில் இருப்பது உப்பு. உப்பு கரைவது தண்ணீரில்தான். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு, துணி வெள்ளையாக வரும் வரை கழுவி, குழல் சூடாக இருக்கும்போதே துடைத்து எண்ணெய் போட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் கசடு கல்லாகிவிடும், ஐப்பசி மழையில் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துரு பிடிக்க வைக்கும். துரு அரித்த குழி திரும்ப மூடாது. மறுபடி கெட்டிக்கும் முன் எண்ணெயைத் துடைத்தெடுக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் மருந்து நனைந்து கேப் மட்டும் வெடிக்கும்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை போய்விட்டது. நரிக்குறவர்களில் பலர் ஊசி மணி பாசி விற்கிறார்கள். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். கழுவாமல் ஒப்படைத்த துப்பாக்கி, வாரக்கணக்கில் அங்கே கிடந்து, உள்ளே அரிக்கப்பட்டுத் திரும்பி வரும். வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. சுடும் துப்பாக்கியைவிடச் சும்மா கிடக்கும் துப்பாக்கிக்குத்தான் அதிகக் கவனிப்பு தேவை.